இனி பொறுதி கிடையாது

பொறுதி என்ற சொல் எனக்கு வசவாகத்தான் அறிமுகமானது. அது என்னிடம் இல்லை என்பதுதான் வசவு. சோறு வடித்து இறக்கும் முன்பே தட்டோடு போய் நின்றால், "பொறுதி உண்டா பாரு இதுக்கு" என்பாள் அம்மா. பள்ளிக்கூட வேன் வரும் வரை வாசலில் நிற்காமல் ரோட்டுக்கும் வீட்டுக்குமாக ஓடினால் அடுத்த வீட்டுக்காரரும் அதையே சொல்வார். ஊசி போட வரிசையில் உட்கார்ந்திருந்தபோது நர்ஸ் சொன்னார். முன்பின் தெரியாதவர்களுக்கும் என்னைப் பார்த்ததும் அந்தச் சொல் எப்படித் தோன்றுகிறது என்று எனக்கு வியப்பாக இருக்கும்.

எங்கள் ஊர் கொட்டாரத்தில், எங்கள் தெருவில் யாரும் பேச்சில் பொறுமை என்று சொல்வதில்லை. பொறுமை தமிழ்ப் புத்தகத்தில் இருந்தது. பரீட்சையில் எழுதினால் மார்க் கிடைக்கும். வாயில் புழங்கியது பொறுதி. "பொறுதியா இரி" என்றால் கை காலை ஆட்டாதே. "பொறுதியா போ" என்றால் ஓடாதே. "பொறுதியா சொல்லு" என்றால் மூச்சு விட்டுச் சொல். ஒருவர் மேல் ஆத்திரம் வந்து, பதில் நாக்கு நுனிவரை வந்து, அதை வெளியே விடாமல் விழுங்கிக்கொண்டால் அதற்கும் பொறுதி என்றுதான் பெயர். காலுக்கும் வாய்க்கும் மனதுக்கும் ஒரே சொல். எனக்கு மூன்றுமே அடங்காது என்பதால் நான் அதை அடிக்கடி கேட்க நேர்ந்தது.

எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு உதாரணம் காட்டுவதற்கென்றே ஒருத்தி இருந்தாள். அப்பாவின் தங்கை, என் அத்தை. "அத்தையப் பாத்துப் படி, அவளுக்க பொறுதில கால்வாசி உனக்கு இருந்தா நான் பொழச்சேன்" என்பாள் அம்மா. அத்தையை மேற்கே சிதறால் பக்கம் ஒரு வீட்டில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கல்யாணம் முடிந்து ஐந்து வருடம். மாமாவுக்குத் துபாயில் வேலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். வந்தாலும் அதிகம் பேசமாட்டார். அங்கே அத்தையும் மாமியாரும் மட்டும்தான்.

நான் ஐந்தாம் வகுப்புக்குப் போகும் முன் வந்த கோடை லீவில் அந்த வீட்டில் இருபது நாள் இருந்தேன். ரப்பர் மரங்களுக்கு நடுவே வீடு. முற்றத்துக் கயிற்றில் ரப்பர் ஷீட்டுகள் துணிபோலக் காயும். அந்த வாடை சோற்றிலும் அடிக்கும். அந்த வீட்டில் ஒரு செல்போன் இருந்தது. அது மாமியாரின் பீரோவில் இருந்தது. மாமா கூப்பிட்டால் மாமியார்தான் எடுப்பார். எடுத்து, ஸ்பீக்கரை அமுக்கி, போனைத் தன் கையிலேயே பிடித்துக்கொள்வார். அத்தை ஈரக் கையோடு வந்து நின்று பதில் சொல்வாள். சாப்பிட்டியா, சாப்பிட்டேன். மழை உண்டா, உண்டு. மஸ்கட்டிலிருந்து என் அப்பா கூப்பிட்டாலும் அப்படித்தான். எனக்கு அது நல்ல ஏற்பாடாகத் தோன்றியது. எங்கள் வீட்டில் அப்பா பேசுவது அம்மாவுக்கு மட்டுமே கேட்கும். இங்கே எல்லோருக்கும் கேட்டது.

அந்த வீட்டில்தான் எனக்குப் பொறுதி என்ற சொல் இரண்டாம் தடவை அறிமுகமானது. பக்கத்து விளையில், அந்த ரப்பர்த் தோட்டத்தில், பால் வெட்டுகிறவரின் மகளுக்கு என் வயது. முதல் நாள் வேலியருகே என்னைக் கண்டதும் கேட்டாள்:

"எட்டி, ஒனக்குப் பொறுதி எங்க?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. இத்தனை தூரம் பஸ் ஏறி வந்தும் விஷயம் எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருக்கிறதே.

"எனக்குப் பொறுதியே கிடையாது" என்றேன், விறைப்பாக.

"பொறுதி இல்லாம பின்ன ரோட்டிலயா கெடக்க?"

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாவ. எங்க அம்மையே சொல்லுவா."

அவள் கண் விரிந்தது. "அம்மையுமா? வீட்டில இருந்து எறக்கி விட்டினுமா ஒன்ன?"

இரண்டு பேரும் வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று, மற்றவளுக்குக் கொஞ்சம் கோளாறு என்று முடிவுசெய்தோம். பிறகு அவள்தான் விளக்கினாள். "எனக்குப் பொறுதி இந்த விளையில. எனக்க அக்காளுக்குக் கல்யாணம் களிஞ்சு இப்பம் பொறுதி களியக்காவிளையில. அவளுக்க மாப்பிளைக்கு அங்க டயர் கட. ஒனக்க அத்தைக்குப் பொறுதி இந்த வீட்டில. இதுகூடத் தெரியாதா?"

அவர்கள் பேச்சில் பொறுதி என்றால் வாழ்வது. ஓர் இடத்தில் குடியிருப்பதும், பெண் புருஷன் வீட்டில் குடும்பம் நடத்துவதும். திரும்பி வரும்போது, எந்த இடத்தில் அந்தச் சொல் மாறுகிறது என்று பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். மார்த்தாண்டத்தில் பார்த்தேன், தக்கலையில் பார்த்தேன். போர்டு எதுவும் வைத்திருக்கவில்லை.

இதை நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கென்று ஒரு ரகசியம் கிடைத்திருந்தது. "பொறுதி கெட்டது" என்று அம்மா திட்டினால், "இந்தா இருக்கே, இந்த வீடுதான் என் பொறுதி" என்று மனதுக்குள் பதில் சொல்லிச் சிரித்துக்கொள்வேன். எதற்குச் சிரிக்கிறாய் என்று அதற்கும் ஓர் அடி விழும்.

அடுத்த வருடம் சித்திரையில் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்தவள் கொடை முடிந்தும் போகவில்லை. பள்ளிக்கூடம் திறந்தது. ஓணம் கழிந்தது. அத்தை காலையில் எழுந்து முற்றம் தெளித்தாள், எனக்குச் சடை பின்னினாள், அம்மாவோடு சேர்ந்து துணி துவைத்தாள். போவதைப் பற்றியும் பேசவில்லை, போகாமல் இருப்பதைப் பற்றியும் பேசவில்லை. துபாயிலிருந்து மாமா இரண்டு தடவை அம்மாவின் போனில் கூப்பிட்டார். அத்தை குளிக்கிறாள் என்று முதல் தடவை சொல்லப்பட்டது. இரண்டாம் தடவையும் குளித்தாள்.

இது இப்படியே போயிருக்கலாம். ஆனால் பெரியப்பா மகளுக்கு ஒரு வரன் வந்தது. அப்பாவுக்கு மூத்தவர் பெரியப்பா. கொட்டாரம் ஜங்ஷனில் உரக்கடை வைத்திருந்தார். அப்பா மஸ்கட்டில் இருந்ததால் எங்கள் வீட்டுக்கும் அவர்தான் பெரியவர். பெண் பார்க்க வருகிறவர்கள் முன்கூட்டியே விசாரித்திருக்கிறார்கள்: அத்தை ஒருத்தி வந்து இருக்கிறாளாமே, நிரந்தரமாகவா?

அன்று சாயங்காலமே பெரியப்பா வந்தார். "மக்கா, நாலு மாசத்துக்கு மேல ஆச்சு. நான் போய் நாலு வார்த்த நறுக்குன்னு கேட்டுட்டு, இனி ஒழுங்கா வச்சுக்கிடுவோம்னு அவங்க வாயால சொல்ல வச்சுட்டு வாறேன். நல்ல நாள் பாத்துக் கொண்டு விட்டுருவோம். என்ன?"

அத்தை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "நீங்க பாத்துச் செய்யுங்கோ அண்ணே" என்றாள். காம்பிலிருந்து இலைகளை உருவுவதை நிறுத்தவில்லை.

பெரியப்பா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். அம்மாவும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். ஆனால் அன்றைக்குக் கீரையில் காம்பும் சேர்ந்து கிடந்தது. அத்தை சமைத்ததில் அப்படி ஒருநாளும் இருந்ததில்லை.

துபாயில் வெள்ளிக்கிழமை லீவு. மாமாவும் போனில் இருக்க வேண்டும் என்பதால் வெள்ளிக்கிழமையே போவதாக முடிவானது. எனக்குக் காலாண்டுப் பரீட்சை லீவு. என்னையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்றாள் அம்மா. அன்பினால் அல்ல. "இது இங்க இருந்தா அவளப் போட்டுத் தொளைச்சு எடுத்துரும். என்ன நடக்கும், எப்பம் வருவாவன்னு கேட்டே கொன்னுரும்."

வாடகைக்கு ஓர் ஆம்னி வேன். முன்சீட்டில் பெரியப்பா. அவருக்கு மைக் என்றால் உயிர். எங்கள் ஊர்க் கோயில் கொடையில் வரவேற்புரை அவருடையதுதான். வழியெல்லாம் பேச்சைத் தயார்செய்துகொண்டே வந்தார். சுங்கான்கடை தாண்டும்போது ஒரு தினுசாகத் தொடங்கினார். தக்கலையில் அதை மாற்றினார்.

"மொதல்ல ஒரு அடி அடிக்கணும். அப்பந்தான் எறங்கி வருவாவ. எங்க பிள்ளைக்குப் பொறுதி போச்சு, இனி கிடையாதுன்னு ஒரே போடு. ஆடிப் போவாவ. அதுக்குப் பொறவு சமாதானம்."

"ரொம்பக் காரமாப் பேசிராதிய அத்தான்" என்றாள் அம்மா.

"காரம் இல்லாம என்னத்த பேச?"

நான் பின்சீட்டில் அந்த வாக்கியத்தைக் கேட்டேன். உடனே எனக்குப் பொறி தட்டியது என்று எழுதத்தான் ஆசை. இல்லை. எனக்கு வயிற்றைப் புரட்டிக்கொண்டிருந்தது. ஜன்னலை எவ்வளவு திறக்கலாம் என்பதில் கவனமாக இருந்தேன்.

வேனிலிருந்து இறங்கும்போது அம்மா என் காதில் சொன்னாள்: "பேச்சு முடியாம அங்க கை நனைக்கப்பிடாது. டீயும் வேண்டாம், தின்னவும் வேண்டாம். கேட்டுதா?"

ஹாலில் பிளாஸ்டிக் உறை எடுக்காத சோபா. அதில் என் தொடை ஒட்டியது, பிய்ந்தது, ஒட்டியது. எதிரே அத்தையின் மாமியார். அவருடைய அண்ணன் அருமனையிலிருந்து வந்திருந்தார். அங்கே அம்மாவன் என்பார்கள். வெள்ளை வேட்டி, காதில் முடி. நடுவே டீப்பாயில் அந்தச் செல்போன், ஸ்பீக்கரில். துபாயிலிருந்து மாமா லைனில் இருந்தார். எங்கோ லாரி பின்னால் வரும் சத்தமும் கூடவே கேட்டது. போனைச் சுற்றி ஐந்து டம்ளர் சாயா. ஒரு தட்டு நிறைய ஏத்தங்காய் வறுவல்.

அந்த வறுவலை நான் பார்த்தேன். வேறு பக்கம் பார்த்தேன். பாட்டன் போட்டோ, காலண்டர், மின்விசிறி, மறுபடியும் வறுவல். மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை கிறீச்சிட்டது. அடுத்த கிறீச்சுக்காகக் காத்திருப்பதே ஒரு வேலையாக இருந்தது. கால் தானாக ஆடியது. அம்மா முழங்காலில் கையை வைத்து அமுக்கினாள். காலை நிறுத்தினால் கை ஆடியது.

"சாயா குடியுங்க" என்றார் மாமியார்.

"இருக்கட்டும். பேசிக்கிடுவோம்" என்றார் பெரியப்பா. தொண்டையைச் செருமினார். மைக் இல்லை என்ற குறை தவிர எல்லாம் கொடை மாதிரியே தொடங்கியது.

"ஆறு வருசம். ஒரு வார்த்த வெளிய சொன்னதில்ல எங்க பிள்ள. கூடப்பொறந்தவன்கிட்ட ஒரு போன் பேசணும்னாலும் உங்க கையப் பாத்துல்லா நின்னா? எல்லாத்துக்கும் ஒரு அளவு உண்டு, கேட்டேளா. வளத்திப் பேசுகதுக்கு நான் வரல்ல. இனி அவளுக்குப் பொறுதி கிடையாது."

மின்விசிறி கிறீச்சிட்டது. மாமியார் டம்ளரை எடுக்கப் போன கையைத் திரும்ப மடியில் வைத்துக்கொண்டார்.

"என்ன சொன்னிய?"

அடி விழுந்துவிட்டது என்று பெரியப்பா நினைத்தார். அவர் முதுகு நிமிர்ந்ததில் அது தெரிந்தது. "பொறுதி கிடையாதுன்னு சொன்னேன். அது முடிஞ்சு போச்சு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தச் சொல் பெரியப்பா வாயிலிருந்து ஒன்றாகப் புறப்பட்டு டீப்பாயைத் தாண்டும்போது வேறொன்றாகிவிட்டது. அவள் இனி பொறுத்துக்கொள்ள மாட்டாள் என்று இவர் சொல்கிறார். அவள் இனி வந்து வாழமாட்டாள் என்று அவர்களுக்குக் கேட்கிறது. அந்த அறையில் இருந்தவர்களில் இரண்டும் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

"அது ஆருக்க வார்த்த?" என்றார் அம்மாவன். "அவளுக்க வார்த்தையா, ஒங்களுக்க வார்த்தையா?"

"அவ சொன்னாலும் நான் சொன்னாலும் ஒண்ணுதான்."

"தீத்துத்தான் சொல்லுதியளா?"

"தீத்துத்தான் சொல்லுகேன். எத்தன தடவ கேட்டாலும் இதான். பொறுதி கிடையாது."

"பெரியப்பா" என்றேன்.

அம்மாவின் விரல்கள் என் தொடையைக் கிள்ளின.

"பெரியப்பா, இவிய பொறுதின்னு சொல்லுகது வந்து—"

"பொறுதியா இரிட்டி!" என்றாள் அம்மா. கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. அம்மாவன் திரும்பி அவளைப் பார்த்தார். அவர் காதில் அது என்னவாக விழுந்ததோ. என் வாய் திறந்தே இருந்தது. உள்ளே வாக்கியம் முழுதாகத் தயாராக இருந்தது. அது கிள்ளலைவிட அதிகமாக வலித்தது. பாதத்தை ஒன்றின் மேல் ஒன்று போட்டு மிதித்துக்கொண்டேன்.

போனில் லாரிச் சத்தம் நின்றது. "அம்மே, அவிய என்ன சொல்லினும்?"

"பொறுதி வேண்டாமாம் மோனே" என்றார் மாமியார். அவர் குரல் உடைந்தது. அவரை நான் அதுவரை அப்படிப் பார்த்ததில்லை.

பெரியப்பா நெற்றியைச் சுருக்கினார். பொறுதி வேண்டாம் என்று தான் எப்போது சொன்னோம் என்று யோசிக்கிறார் என்பது தெரிந்தது. அம்மாவுக்கு ஏதோ இடித்திருக்க வேண்டும். முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, "அத்தான் சொல்ல வந்தது அப்படி இல்ல—" என்று தொடங்கினாள்.

போன் முந்திக்கொண்டது.

"வேண்டாம்னா எனக்கும் வேண்டாம். அவ இல்லேன்னா எனக்கு வேற ஆளு கிட்டாதா? சாமானத்த அள்ளிட்டுப் போவச் சொல்லுங்க."

பிறகு லைன் கட்டாகும் ஓசை, இரண்டு முறை.

அம்மா சோபாவில் பின்னால் சாய்ந்தாள். அவள் தொடங்கிய வாக்கியத்தை அதற்குப் பிறகு முடிக்கவில்லை. பெரியப்பா எழுந்தார். சமாதானத்துக்கென்று வைத்திருந்த பேச்சு அவரிடம் இன்னும் பாக்கி இருந்தது, ஆனால் எழுந்துவிட்டார். எழுந்தபின் உட்கார அவருக்கு வழி தெரியவில்லை. அம்மாவன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். மருமகன் இன்னும் ஏதாவது சொல்வான், அதைத் திருப்பி வாங்கிக்கொள்வான் என்று எதிர்பார்த்தவர்போல.

"ஆளு கிட்டுமாம்லா? கிட்டட்டும்" என்றார் பெரியப்பா. "வா."

சாயாவில் ஆடை படிந்திருந்தது. வறுவல் அப்படியே இருந்தது.

வேன் மார்த்தாண்டம் தாண்டியது. அதன் பிறகு பெரியப்பா நிறுத்தாமல் பேசினார். "நான் அப்படி என்னத்த கேட்டுட்டேன்? பொறுதிக்கு ஒரு அளவு உண்டுன்னு சொன்னது குத்தமா? ஆளு கிட்டுமாம். நம்ம பிள்ளயப் பாத்து இவன் சொல்லுகான்."

"அவங்க வேற என்னத்தயோ நெனச்சுட்டாவ அத்தான்."

"என்னத்த நெனைக்கதுக்கு இருக்கு? தமிழ்லதானே சொன்னேன்?"

"அம்மா, அது என்னன்னா—" என்று நான் வாயைத் திறந்தேன். திறந்த வாயிலிருந்து வேறொன்று வந்தது. தக்கலைக்கு முன்னால் வேனை நிறுத்தி, டிரைவர் பாட்டிலில் தண்ணீர் கொடுத்தார். கவுனின் முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. அதற்குப் பிறகு நான் பேச முயன்றபோதெல்லாம் மறுபடியும் வாந்தி வருகிறது என்று பயந்து அம்மா என் வாயருகே பிளாஸ்டிக் கவரைப் பிடித்தாள்.

நாங்கள் வந்தபோது மழை இருட்டிக்கொண்டு வந்தது. அத்தை கொடியிலிருந்து எடுத்த துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். துணிகளைக் கட்டிலில் போட்டுவிட்டு எல்லோருக்கும் தண்ணீர் கொண்டுவந்தாள். பெரியப்பா ஒரே மூச்சில் குடித்தார்.

"முடிஞ்சு போச்சு மக்கா" என்றார். வேனில் இருந்த குரல் அல்ல அது. "நான் நல்லதுக்குத்தான் போனேன்."

"என்ன சொன்னாவ அண்ணே?"

"சாமானத்த எடுத்துட்டுப் போவச் சொல்லிட்டான்."

"அவரா? அவரு வாயால சொன்னாரா?"

"ஸ்பீக்கர்லதான் கிடந்தான். எல்லாரும் கேட்டோம்."

அத்தை காலி டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கினாள். அதை உடனே கொண்டு போகாமல், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க என்ன சொன்னீங்கோ?"

"நான் என்ன சொன்னேன்? இனி அவளுக்குப் பொறுதி கிடையாதுன்னு சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன், உன் மைனிகிட்ட கேளு. அதுக்குப் போய் அந்த அம்மா அழுக, கெழவர் தீத்துச் சொல்லுதியளான்னு கேக்க, இவன் குதிக்க. எனக்கு ஒரு மண்ணும் புரியல்ல."

இதுதான் என் நேரம் என்று தெரிந்தது. பிளாஸ்டிக் கவர் இல்லை, கிள்ளும் தூரத்தில் அம்மா இல்லை.

"பெரியப்பா, அங்க பொறுதின்னா—"

அத்தையின் உள்ளங்கை என் வாயை மூடியது. வெயிலில் காய்ந்த துணியின் வாசனை அடித்தது. "பொறுதியா இரி மக்கா. பெரியவிய பேசுகாவல்லா?" என்றாள். பிறகு அவர்களைப் பார்த்து, "இது மேலெல்லாம் வாந்தியா இருக்கு. கழுவி விட்டுட்டு வாறேன்" என்று என்னைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். வாயிலிருந்த கையைக் குழாயடி வரும்வரை எடுக்கவில்லை.

குழாயைத் திறந்து வாளியை வைத்தாள். கவுனைக் கழற்றினாள். கை விலகியதும் நான் எல்லாவற்றையும் கொட்டினேன்: வேலி, பால் வெட்டுகிறவர் மகள், களியக்காவிளை அக்கா, டயர் கடை. "அங்க பொறுதின்னா நம்ம ஊர்ப் பொறுதி இல்ல அத்தே. வந்து இருக்கது. குடும்பமா இருக்கது. பெரியப்பா சொன்னத நீங்க இனி அங்க இருக்க வரமாட்டியன்னு நெனச்சுட்டாவ. அதான் அழுதாவ. அதான் மாமாக்குக் கோவம் வந்துட்டு."

"அப்படியா மக்கா?" என்றாள் அத்தை.

"ஆமா! உங்களுக்குத் தெரியாதா?"

வாளி நிறைந்து வழிந்தது. தண்ணீர் அவள் சேலைக் கரையை நனைத்துக்கொண்டு ஓடியது. அத்தை குழாயை மூடவில்லை.

"இத வேற ஆருகிட்டயாவது சொன்னியா?"

"யாரும் சொல்லவே விடல்ல அத்தே."

அவள் என் தலையில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினாள். இன்னொரு செம்பு. கண்ணைத் திறக்க முடியாமல் நான் பேசிக்கொண்டே இருந்தேன். "இப்பவே சொன்னா பெரியப்பா போன் பண்ணிச் செரியாக்கிருவாவ. பொறுதின்னா பொறுமைன்னு சொன்னா போதும்லா? சொல்லட்டா?"

"பெரியப்பா இப்பம் கோவத்துல இருக்காவ. நாளைக்குச் சொல்லலாம்."

மறுநாள் காலை சடை பின்னும்போது கேட்டேன். பெரியப்பா கடையில் லோடு இறக்குகிறார், தொந்தரவு செய்யாதே என்றாள். அதற்கடுத்த நாள் பெரியப்பாவுக்குத் தலைவலி. அதற்கும் அடுத்த நாள், "கொஞ்சம் பொறு மக்கா" என்று மட்டும் சொன்னாள். காரணம் எதுவும் சொல்லவில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்தால் சொல்ல வேண்டியது நாக்கில் வந்து நின்றது. பெரியப்பாவின் பைக் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுவேன். நான் வாசலைத் தொடும் முன் அத்தை எப்படியோ அங்கே நிற்பாள். என் கையில் ஒரு முறுக்கோ ஒரு வேலையோ இருக்கும். அந்த நாட்களில் எனக்கு வாய் ஓயாமல் தின்னக் கிடைத்தது.

லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரம் ஒரு டெம்போ வந்தது. அத்தையின் கல்யாணப் பீரோ, குத்துவிளக்கு, பாத்திரங்கள். இறக்கிய ஆட்களுக்கு அத்தையே சாயா போட்டுக் கொடுத்தாள். அம்மா ஒரு மூலையில் நின்று கண்ணைத் துடைத்தாள். பெரியப்பா வந்தார், பீரோவை எந்தச் சுவரோடு சேர்த்து வைப்பது என்பதில் மட்டும் தலையிட்டார். அத்தை கொஞ்ச நேரம் கழித்துப் பீரோவின் பின்னால் போய், சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். அழுகிறாள் என்று நினைத்துக் கிட்டே போனேன். அழவில்லை. கண்ணை மூடி, மூச்சை மெல்ல இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

பெரியப்பா அப்போது ஹாலில்தான் இருந்தார். யாரும் என்னைத் தடுக்கவில்லை. ஒரே ஒரு வாக்கியம், இப்போதும் சொல்லியிருக்கலாம். ஆனால் அதைச் சொன்னால் இன்னொன்றும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். நான் இருபது நாளில் படித்துவிட்ட ஒரு சொல், ஆறு வருடம் அந்த ஊரில் இருந்த அத்தைக்குத் தெரியவில்லை என்பது. பெரியவர்கள் முன்னால் அவளுக்கு அது வெட்கமாகப் போய்விடும் என்று எனக்குத் தோன்றியது. அத்தையை நினைத்துப் பாவமாக இருந்தது. அவளுக்காக, என் வாழ்நாளில் முதல் தடவையாக, வாயை மூடிக்கொண்டு பொறுதியாக இருந்துவிட்டேன்.